வாழைக்கன்றுக்குப் பின்னால் இருந்த குழாய்

ஸ்கேனில் தவறிப் பதிந்துவிட்ட ஆட்களின் உருவங்களை அழிக்கும் வேலையை இனி யாரும் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை என்று பிரவீன் போன மாதம் போனில் சொன்னான். புதிய மென்பொருள் வந்திருக்கிறதாம். தொழிற்சாலைக்குள் நடந்து போனவர், நிறுத்தி வைத்த சைக்கிள், மூலையில் சாய்த்த ஏணி, கம்பியில் காயப்போட்ட கையுறை என்று எல்லாவற்றையும் அதுவே கண்டுபிடித்து எடுத்துவிட்டு, குழாயையும் தூணையும் மட்டும் மிச்சம் வைக்குமாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைப் பழக்கப் போகிறார்கள். அதற்கு முன் அவர்கள் படிக்க ஏதாவது எழுதித் தர முடியுமா என்று கேட்டான்.

பிரவீன் எங்கள் நிறுவனத்தில் மாடல் போடும் பிரிவுக்கு இப்போது தலைவன். நான் அதே நிறுவனத்தில் களத்தில் ஸ்கேனரை வைத்துச் சுற்றியவன். ஓய்வு பெற்றபின் மலைமேல் இருக்கும் சொந்த ஊரான காவலூருக்கே வந்துவிட்டேன்.

எழுத வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது என்றும், அதில் அவனும் வருவான் என்றும் சொன்னேன்.

"தாராளமா போடுங்க சார். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கததானே" என்றான்.

புதியவர்களுக்குத் தொழிலின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்சாலையைக் கட்டும்போது வரைபடம் இருக்கும். இருபது ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் வரைபடத்தில் உள்ள குழாய்களில் பாதி அங்கே இருக்காது. அங்கே இருப்பவற்றில் பாதி வரைபடத்தில் இருக்காது. இடையில் வந்த ஒவ்வொரு மேலாளரும் அவசரத்துக்கு ஒன்றை வெட்டி, ஒன்றை இணைத்திருப்பார். புதிதாக ஒரு குழாய் போட வேண்டும் என்று வரும்போதுதான், இப்போது உள்ளே என்னதான் இருக்கிறது என்ற கேள்வி எழும். அந்தக் கேள்விக்குப் பதில் கொண்டுவருவது எங்கள் வேலை.

நான் சர்வேயராகச் சேர்ந்த காலத்தில் அந்தப் பதிலை டேப்பாலும் தூக்குக்குண்டாலும் கொண்டுவந்தோம். குழாய்களுக்குக் கீழே மல்லாந்து படுத்து, ஒருவர் அளவு சொல்ல ஒருவர் வரைவோம். பிறகு தூரத்தையும் கோணத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் வந்தது. அதற்குப் பிறகு லேசர் ஸ்கேனர். முக்காலியின் மேல் ஒரு பெட்டி; அது தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நாலாபக்கமும் ஒளியை வீசும். ஒளி எதில் பட்டாலும் அங்கே ஒரு புள்ளி விழும். ஓர் இடத்தில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குத் தூக்கிப் போவோம். சுற்றிலும் வைத்திருக்கும் வெள்ளைப் பந்துகளை அடையாளமாகக் கொண்டு, பல இடங்களிலிருந்து எடுத்ததைக் கணினி ஒன்றாக ஒட்டும். கடைசியில் தொழிற்சாலை முழுவதும் கோடிக்கணக்கான புள்ளிகளாக நிற்கும். அந்தப் புள்ளிகளின் மேல் குழாய், வால்வு, தூண் என்று உருவாக்கி வைப்பது மாடல் போடுபவரின் வேலை.

ஒளி நேராகத்தான் போகும். ஒரு பொருளின் பின்னால் இருப்பதை அது பார்க்காது. அங்கே புள்ளியே விழாமல் கறுப்பாக இருக்கும். நாங்கள் அதை நிழல் என்போம்.

எங்களுக்கெல்லாம் மேலாளர் நிசா மேடம். வாணியம்பாடிக்காரர். தோல் வியாபாரக் குடும்பம். வீட்டில் முதலில் இன்ஜினியரிங் படித்த பெண். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தளத்துக்கு வந்தால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்கேனருக்குச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நாங்கள் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "பாத்தீங்களா, நெனச்சீங்களா?" பார்த்தேன் என்றால் எங்கிருந்து பார்த்தீர்கள் என்பார். நினைத்தேன் என்றால் கோபிக்க மாட்டார். போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். அவ்வளவுதான்.

ஒருமுறை ஒரு சர்க்கரை ஆலையில், அரவை இல்லாத மாதத்தில் நீராவிக் குழாய்களை ஸ்கேன் செய்தோம். அளவெல்லாம் சரி. அரவை தொடங்கி குழாய் சூடானதும் அது நீண்டு, வளைவில் இரண்டு விரற்கடை நகர்ந்து நின்றது. புதிதாக வைத்த தாங்கியில் உரசியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாடலின் கீழும் 'குழாய் குளிர்ந்த நிலையில் பார்த்தது' என்று எழுத வேண்டும் என்றார் மேடம். இன்னொருமுறை ஒரு பால் பண்ணையில் பளபளப்பான எவர்சில்வர் குழாய்கள் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பியடித்து, சுவருக்குள் ஒரு பொய்க் குழாய் தோன்றியது. பளபளப்பை மங்கவைக்க வழக்கமாக அடிக்கும் பவுடரைப் பால் போகும் இடத்தில் அடிக்க முடியாது. காகித டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டி மறுபடி எடுத்தோம். இவை எல்லாம் கருவியின் தொந்தரவுகள். கருவியைப் படித்தால் தீர்ந்துவிடும். நான் எழுத வந்தது வேறு வகையானது.

ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி போகும் சாலையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை. கழிவுநீரைச் சுத்தம் செய்யத் தனியே ஒரு கொட்டகை வைத்திருந்தார்கள். அதில் புதிதாக ஒரு குழாய் போட வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் பழைய வரைபடம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்களின் அதிர்வு ஸ்கேனருக்கு ஆகாது என்பதால், ஆயுத பூஜை விடுமுறையில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார் அங்கே மேலாளராக இருந்த ஜாபர் பாய்.

முதலாளி குடும்பம் முஸ்லிம். தொழிலாளர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டார இந்துக்கள். ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் மூட்டையாக வாங்கித் தருவது முதலாளி வழக்கம். நாங்கள் போனபோது பூஜை முடிந்திருந்தது. மோட்டாருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வால்வுகளில் சாமந்தி மாலை. தரையில் உடைத்த பூசணிக்காய். வரிசையாக நின்ற இரும்புத் தூண்கள் ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு வாழைக்கன்று கட்டியிருந்தது.

"இதெல்லாம் கொஞ்சம் எடுத்துட்டா நல்லாருக்கும் பாய்" என்றேன்.

"அத நான் சொல்லக் கூடாதுங்க. ஏழுமலையக் கேளுங்க" என்றார் அவர்.

ஏழுமலை அந்தக் கொட்டகையின் ஆபரேட்டர். பூஜை செய்தவரும் அவர்தான். "கட்னத நாமளா அவுக்கக் கூடாது சார். அதுவா காஞ்சி வுழணும்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. வாழையோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்தோம்.

அங்கே வேறொரு சிக்கலும் இருந்தது. எப்போதோ கைவிட்ட குழாய்கள் எடுக்கப்படாமல் ஆங்காங்கே தொங்கின. செத்த லைன் என்பார்கள். ஏழுமலை எங்களோடு நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஜாபர் பாயும் நாங்களும் பேசி ஒரு முடிவு செய்தோம். செத்த லைன் எதையும் மாடலில் வைப்பதில்லை. புதிய குழாய் மாட்ட வரும் ஆட்கள், கையில் உள்ள பிரிண்ட்டில் இல்லாத குழாய் குறுக்கே வந்தால் வெட்டி எடுத்துவிடலாம். எல்லோருக்கும் சௌகரியமான ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் சென்னை அலுவலகத்திலிருந்து பிரவீன் கூப்பிட்டான். அப்போது அவன் சேர்ந்து ஓர் ஆண்டு ஆகியிருக்கும்.

"சார், அந்த பிளாண்ட்ல எல்லாத் தூண்லயும் ஆறு இன்ச் லைன் ஒண்ணு செங்குத்தா ஏறுது. மேல எதுலயும் போய்ச் சேரல. காத்து வெளிய போற வென்ட் லைனா?"

"வாழமரம்டா அது."

மென்பொருளுக்கு உருளையாக எது இருந்தாலும் குழாய்தான். கொட்டகை முழுக்க வாழைத்தண்டை இரும்புக் குழாயாக்கி வைத்திருந்தது. அலுவலகமே சிரித்தது. பிரவீனுக்கு ஒரு வாரம் 'வாழை இன்ஜினியர்' என்று பெயர். சிரித்து முடிந்ததும் நிசா மேடம், "பூஜ சாமான் மொத்தத்தையும் எடுத்துடுங்க" என்றார். பிரவீன் எடுத்தான். வாழை, மாலை, பூசணிக்காய் எல்லாம் போய், கொட்டகை துடைத்து வைத்ததுபோல இருந்தது. அந்த மாடலைப் பார்த்துப் புதிய குழாயை வடிவமைத்தார்கள். ராணிப்பேட்டையில் ஒரு பட்டறையில் துண்டு துண்டாகச் செய்தும் முடித்தார்கள். தீபாவளி விடுமுறையில் மாட்டிவிடுவது என்று ஏற்பாடு.

தீபாவளிக்கு நான் காவலூரில் இருந்தேன். மறுநாள் காலை நிசா மேடம் கூப்பிட்டார். பண்டிகை விடுமுறைகளில் அலுவலகத்தில் அவர் மட்டும் இருப்பார். கொடுத்து முடித்த மாடல்களைத் திறந்து, யாரும் கேட்காமலே இன்னொரு முறை உள்ளே நடந்து பார்ப்பது அவர் பழக்கம்.

"தேவராஜ், வூட்லதானே இருக்கீங்க?"

"ஆமா மேடம்."

"அந்தக் கொட்டகையில மேல்மேடையில ஆசிட் டேங்க் ஒண்ணு கீது பாருங்க. அதும் அடியிலேர்ந்து ஒரு இன்ச் பைப்பு எறங்குது. மேடைத் தகட்டுக்குள்ள போவுது. கீழப்பக்கம் வர்ல."

நான் யோசித்தேன். அவர் தொடர்ந்தார்.

"தகட்டுக்குள்ளயே முடிஞ்சிடுமா? கீழ எங்கியாச்சும் வந்துதானே ஆவணும்?"

அந்த இடம் எனக்கு நினைவுக்கு வந்தது. "அதுக்கு நேர் கீழ இருக்கற தூண்லயும் வாழ கட்டியிருந்தாங்க மேடம்."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார். பிறகு, "மாட்ற ஆளுங்க இன்னிக்கு அங்க வேல செய்யறாங்க. ஜாபர் பாய் போன் எடுக்கல. நீங்க கெளம்புங்க. நான் அவருக்கு அடிச்சிகிட்டே இருக்கேன்."

தூண்கள் எல்லாம் H வடிவ இரும்பு. இரு பக்கமும் நீளவாக்கில் பள்ளம் இருக்கும். ஒரு அங்குலக் குழாய் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால், முன்னால் கட்டிய வாழைத்தண்டு அதை முழுக்க மறைத்திருக்கும். நாங்கள் எத்தனை இடத்தில் முக்காலியை வைத்திருந்தாலும் ஒளி உள்ளே போயிருக்காது. வாழையை அழித்தபோது அதன் பின்னால் இருந்த நிழலும் சேர்ந்து அழிந்து, அந்த இடம் மாடலில் வெற்றிடமாகிவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான் புதிய குழாய்க்குத் தாங்கி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு குழாய் குறுக்கே வந்தால் மாட்டுபவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை நாங்களே பேசி முடிவு செய்து கொடுத்திருந்தோம். கொட்டகையில் வேலை நின்றாலும் டேங்க் மேலே இருப்பதால் அந்தக் குழாயில் கந்தக அமிலம் நிறைந்தபடி நிற்கும்.

செருப்பை மாட்டும்போது மனைவி கேட்டார்: "பண்டிகைக்கு மறுநாளும் பைப்பா? நடத்துங்க."

மழை தூறிக்கொண்டிருந்தது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வண்டியை நிதானித்துத்தான் இறக்க முடிந்தது. ஆலங்காயம் வந்து போனைப் பார்த்தேன். மேடத்திடமிருந்து ஒரு செய்தி: பாய் இன்னும் எடுக்கவில்லை.

கொட்டகைக்குள் நுழைந்தபோது சேகர் அந்தத் தூணில் சாய்த்த ஏணியில் நின்றிருந்தார். ஆம்பூர் பக்கத்து ஃபிட்டர். முன்பு ஒரு கூட்டத்தில் பார்த்துப் பழக்கம். காய்ந்து சுருங்கிய வாழை தரையில் கிடந்தது. தூணின் பள்ளத்தில் துருப்பிடித்த ஒரு அங்குலக் குழாய். அதன் மேல் இரண்டு இடங்களில் சாக்பீஸ் கோடு. சேகர் கையில் குழாய் வெட்டும் கிரைண்டர் இருந்தது. அதன் வயர் பிளக் வரை எட்டவில்லை. கூட வந்தவர் நீள வயர் தேடிப் போயிருந்தார்.

"இன்னா சார், பலகாரம் எடுத்தாந்தீங்களா?" என்றார் சேகர்.

"அத வெட்டாதீங்க. கீழ எறங்குங்க."

"ஏன் சார்? பிரிண்ட்ல இல்லியே. செத்த லைனுதானே?"

"ஆசிட் லைன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தெரியுமா?"

"பாக்கணும். மொதல்ல எறங்குங்க."

அவர் கிரைண்டரைக் கீழே என்னிடம் கொடுத்தார். இறங்கி, தோளில் கிடந்த துண்டை ஏணியின் கீழ்ப்படியில் போட்டார். அவருக்குக் கோபம்தான். நாள் வீணாகிறது என்றார். அதற்குள் டீ குடிக்கப் போயிருந்த ஏழுமலை வந்தார். குழாயையும் சாக்பீஸ் கோட்டையும் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அய்ய, இது ஓடற லைனாச்சே! ஆசிட்டு!"

"அன்னிக்கி எங்களோட நடந்தீங்களே, ஏன் சொல்லல?" என்றேன்.

"செத்தத காட்டுன்னீங்க, காட்னேன். உசுரோட கீறத யாரு சார் காட்டச் சொன்னது? மிஷின வெச்சிகினு அத்தினி நாள் சுத்தனீங்க, தெரிஞ்சிருக்கும்னு பாத்தேன்."

சேகர் ஏணியைப் பார்த்தார்.

ஜாபர் பாய் ஒரு நிக்காஹ் வீட்டிலிருந்து நேராக வந்தார். போனைத் தம்பியிடம் கொடுத்து வைத்திருந்தாராம். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பதற்றப்படவில்லை.

"ஒரு பைப்புதானே விட்டுப்போச்சி? பிரிண்ட்ல பேனாவால போட்டுக்குங்க. லைனக் காலி பண்ணி கொஞ்சம் நகத்திட்டு மத்த வேலயப் பாருங்க. நாளன்னிக்கி தோல ஊறப் போடறாங்க. தண்ணி வந்தா எங்க விடறது, ஆத்துலயா?"

நான் மேடத்தைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சலாம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பாய், இது எங்க தப்பு. ஒரு பைப்பு விட்டுப்போச்சின்னா பேனாவால போட்டுக்கலாம். ஆனா வாழ கட்ன தூணு, மால போட்ட வால்வு, எதுக்குப் பின்னாலயும் இன்னா கீதுன்னு நாங்க பாக்கல. பாக்காத எடத்த காலின்னு வரஞ்சி குடுத்துட்டோம். எல்லாத்தையும் பாக்கற வரிக்கும் எதையும் வெட்ட வேணாம்."

"அப்ப இன்னாத்துக்கும்மா உங்க மிஷினு? ஏழுமலைய வெச்சே வரஞ்சிருப்பேனே!"

"வரையலாம் பாய். செத்தத மட்டும்தான் காட்டுவாரு."

ஏழுமலையே சிரித்துவிட்டார். ஜாபர் பாய் சிரிக்கவில்லை. வேலை நிற்க முடியாது என்றார். மேடம், அழித்த இடங்களை எல்லாம் சாம்பல் நிறத்தில் குறித்து உடனே அனுப்புவதாகவும், சாம்பல் இடம் ஒவ்வொன்றையும் ஆள் போய்க் கண்ணால் பார்த்தபிறகே கருவி எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று பாய் போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அந்தச் சாம்பல் நிறம் அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு எங்கள் நிறுவனத்தில் புள்ளிகளை அழித்தால், அழித்த இடத்தில் சாம்பல் பெட்டி ஒன்றை வைத்து 'பார்க்கவில்லை' என்று எழுதுவது விதியாயிற்று. வாடிக்கையாளர்கள் பலருக்கு அது பிடிக்காது. வேலை முடியாததுபோல இருக்கிறது என்பார்கள். புதிய மென்பொருளில் அந்தப் பெட்டி உண்டா என்று பிரவீனைக் கேட்டேன். இல்லை, அது சுத்தமாக எடுத்துவிடும் என்றான். அதனால்தான் இதை எழுத ஒப்புக்கொண்டேன்.

ஜாபர் பாய் யோசித்துக்கொண்டிருந்தபோது, லைனைக் காலி செய்யும் வேலையை ஏழுமலை தொடங்கினார். முகமூடி, ரப்பர் ஏப்ரன், முழங்கை வரை கையுறை. மேலே டேங்க் வால்வை மூடினார். கீழே கேனை வைத்துத் தரைமட்ட வால்வைத் திறந்தார். பழுப்பாகக் கொஞ்சம் வடிந்தது, பிறகு நின்றது. "அவ்ளோதான், காலி" என்றார். குழாயை நகர்த்துவதற்காக ஏணிக்குப் பக்கத்தில் இருந்த இணைப்பை ஸ்பேனரால் நெகிழ்த்தினார். மேலே வால்வை மூடியிருந்ததால், பாதி அமிலம் காற்றுப் புகாமல் உள்ளேயே நின்றிருந்திருக்கிறது. இணைப்பு நெகிழ்ந்ததும் உள்ளே குடுகுடுவென்று ஓசை. பெரும்பகுதி கேனுக்குள் இறங்கிவிட்டது. இணைப்பின் ஓரமாகச் சில சொட்டுகள் மட்டும் வெளியே கசிந்து ஏணிப்படியில் விழுந்தன.

சேகரின் துண்டு அங்கேதான் கிடந்தது. வெள்ளைத் துண்டு, சிவப்புக் கரை. சொட்டு விழுந்த இடம் முதலில் மஞ்சளானது, பிறகு கறுத்தது. சேகர் எடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதய்யா!" என்று ஏழுமலை கத்தினார். ஒரு கம்பியால் துண்டைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, அலசி, மறுபடி கம்பியால் தூக்கிப் பிடித்தார். கறுத்த இடங்களெல்லாம் ஓட்டையாகியிருந்தன. ஓட்டைகளின் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது.

சேகர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "தீபாவளிக்கு எடுத்ததுங்க" என்றார்.

ஜாபர் பாய் துண்டைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். சேகரின் முகம் நின்றிருந்த உயரத்தில் சாக்பீஸ் கோடு இருந்தது. அதையும் பார்த்தார். பிறகு நிக்காஹ் வீட்டுக்குப் போட்டிருந்த வெள்ளை ஜிப்பாவின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனார். அங்கேயும் காய்ந்த வாழை ஒன்று கட்டியிருந்தது.

"ஏழுமல, அவுக்கலாமா?"

"காஞ்சிடுச்சி பாய். அவுங்க."

அவர் முடிச்சைத் தேடினார்.